எச்.ஐ.வி. ஆய்வுக்கு முதல் பணம்: யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் தந்த யோசனைப்படி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். பிரித்தெடுத்த சீரத்தைப் பாதுகாக்க இடம் கிடைக்கவில்லை. வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைத்தார். பரிசோதிக்கும் வசதியும் சென்னையில் இல்லாததால் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ் என்று வந்தன. இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்று தெரியவந்தது இப்படித்தான். ஒரு முதுகலை ஆய்வேடு, சொற்பச் செலவு, ஒரே ஒரு கேள்வி: இங்கே இருக்கிறதா, இல்லையா?

இன்றைக்குக் கேள்விகள் வேறு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் 2023 மதிப்பீட்டின்படி நாட்டில் 25.44 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள், அந்த ஆண்டில் புதிதாகத் தொற்றியவர்கள் சுமார் 68,450 பேர். மருந்து நன்றாகவே இருக்கிறது. டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை, எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம். பரிசோதனைக்கு வராதவர் ஏன் வரவில்லை, மருந்தை விட்டவர் ஏன் விட்டார், எதைச் செய்தால் திரும்ப வருவார் என்பவைதான் மிச்சமிருக்கும் கேள்விகள். அவற்றுக்கு விடை தேடும் சிறிய, முதற்கட்ட ஆய்வுக்கு யார் பணம் தருவார்கள், எந்தப் பணம் எதற்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறோம். தமிழ்நாட்டில் ஏ.ஆர்.டி. மையம், மருத்துவக் கல்லூரி, எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு ஆகியவற்றிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்த ஒரு குழுவை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம்.

எல்லாக் கணக்கையும் ஒரே உதாரணத்தில் போட்டுப் பார்க்கலாம். மருந்து வாங்கக் குறித்த தேதி கடந்து 90 நாளுக்கு மேல் வராதவர்களின் பட்டியல் ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்திலும் இருக்கிறது. மையத்தில் அவர்களை 'எல்.எஃப்.யூ.' என்பார்கள். மைய ஊழியர் போன் செய்வது வழக்கம். குழுவின் யோசனை இது: எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒருவரே அவர்களை அழைக்க வேண்டும். அவர்கள் சொல்லும் இடத்தில் போய்ச் சந்திக்க வேண்டும். மையத்துக்குத் துணையாக வர வேண்டும். அதன்பின் ஆறு மாதம் தொடர்பில் இருக்க வேண்டும். இது வேலை செய்யுமா?

இந்தக் கேள்வியை இந்த வடிவத்திலேயே நிதிக்குழு முன் வைத்தால் விண்ணப்பம் விழுந்துவிடும்.

சின்ன ஆய்வால் சொல்ல முடிந்ததும் முடியாததும்

முதற்கட்டப் பணத்தை வைத்து 'பலன் உண்டா' என்று நிரூபிக்கப் புறப்படுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தடுப்பு ஆய்வில் இது கண்கூடாகத் தெரியும். ஆண்டுக்கு 100 பேரில் 2 பேருக்குத் தொற்றும் ஒரு சமூகத்தில் 60 பேரை ஓராண்டு கண்காணித்தால் எதிர்பார்க்கக்கூடிய புதுத் தொற்று 1.2. அது 0 ஆனாலும் 3 ஆனாலும் நம் முயற்சியைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைச் சோதித்த பர்ப்பஸ்-1 ஆய்வில் 5,338 இளம்பெண்கள் இருந்தார்கள். ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்று 2024-இல் வந்த முடிவு நம்பும்படி இருந்ததற்கு அந்த எண்ணிக்கையும், பக்கத்திலேயே மாத்திரை எடுத்த குழுக்களில் பதிவான 55 தொற்றுகளும்தான் காரணம். 60 பேரை வைத்து அந்த வேலையைச் செய்ய முடியாது.

சிகிச்சை ஆய்விலும் நிலைமை இதேதான், கொஞ்சம் மறைந்திருக்கும். 30 பேரில் 24 பேர் ஆறு மாதம் மருந்தில் நிலைத்தார்கள் என்றால் 80 சதவீதம் என்று எழுதுவோம். அதன் 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, 63-இலிருந்து 90 வரை ஓடும். 60 பேரில் 48 என்றால் 68 முதல் 88 வரை. 100 பேரில் 80 என்றால் 71 முதல் 87 வரை. 30 பேரின் ஆய்வில் கிடைத்த பலன் அளவைத் தூக்கிப் பெரிய ஆய்வின் மாதிரி அளவுக் கணக்கில் போடுவது வழக்கமாகிவிட்டது. கிடைத்த பலன் தற்செயலாகப் பெரிதாக இருந்தால் அடுத்த ஆய்வு போதிய ஆளில்லாமல் தோற்கும். தற்செயலாகச் சிறிதாக இருந்தால் நல்ல யோசனை முளையிலேயே கைவிடப்படும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் இந்த வரியைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரம் வைப்பார். அது நியாயம்தான்.

அப்படியானால் சின்ன ஆய்வு எதைச் சொல்லும்? பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேரைக் கண்டுபிடிக்க முடிந்தது, கண்டவர்களில் எத்தனை பேர் பேச ஒப்பினார்கள், திட்டமிட்ட சந்திப்புகளில் எத்தனை நடந்தன, ஒருவரைத் திரும்பக் கொண்டுவர என்ன செலவு, எந்த இடத்தில் ஆட்கள் கழன்றார்கள் என்பவற்றைச் சொல்லும். எந்தப் பகுதி வேலையைச் செய்கிறது என்பதற்கு ஒரு துப்பும் தரும்.

அந்தக் கடைசி விஷயத்தின் விலை என்ன என்று பார்க்க இரண்டு ஆய்வுகளைப் பக்கம் பக்கமாக வைக்கலாம். கென்யாவில் 538 பேரிடம் நடந்த வெல்டெல் ஆய்வில் செவிலியர் வாரம் ஒருமுறை 'மம்போ?' என்று குறுஞ்செய்தி அனுப்புவார். எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். நலம் என்றால் 'சாவா', சிக்கல் என்றால் 'ஷிடா' என்று பதில் வர வேண்டும். சிக்கல் என்றாலோ பதிலே வராவிட்டாலோ செவிலியர் திரும்ப அழைப்பார். செய்தி பெற்றவர்களில் 57 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 48 சதவீதத்தினருக்கும் வைரஸ் கட்டுக்குள் இருந்தது. 2010-இல் முடிவு வெளியானது. தென்னிந்தியாவில் 631 பேரிடம் நடந்த ஹிவிண்ட் ஆய்வில் வாரம் ஒரு தானியங்கிக் குரல் அழைப்பும் ஒரு படச் செய்தியும் போயின. இரண்டாண்டு பின்தொடர்ந்தும் சிகிச்சைத் தோல்வியில் வித்தியாசம் இல்லை என்று 2014-இல் வெளியிட்டார்கள். இரண்டுமே 'செல்போன் நினைவூட்டல்' என்ற ஒரே பெயரில்தான் பேசப்படுகின்றன. எங்கள் வாசிப்பில், கென்யாவில் வேலை செய்தது போன் இல்லை, மறுமுனையில் கவலைப்பட்டுத் திரும்ப அழைத்த ஆள். இதைப் பெரிய ஆய்வுக்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். அதற்கு 40 பேரும் சில லட்ச ரூபாயும் போதும்.

நம் உதாரணத்துக்கு என்ன செலவாகும்

பணம் தேடும் முன் செலவைப் போட்டுவிட வேண்டும். கீழே உள்ள விலைகள் திட்டமிடுவதற்கான அனுமானங்கள். உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

60 பேரைச் சேர்த்து ஆறு மாதம் பின்தொடர, தயாரிப்பும் எழுத்தும் சேர்த்து 15 மாதம் வேண்டும். களப்பணி செய்யும், எச்.ஐ.வி.யுடன் வாழும் சக ஆலோசகர்கள் இரண்டு பேருக்கு மாதம் 18,000 வீதம் 5,40,000 ரூபாய். ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 35,000 வீதம் 5,25,000. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு ஆளுக்கு இரண்டு முறை, கெட்டுப்போன மாதிரிக்காகப் பத்து கூடுதலாக, மொத்தம் 130 பரிசோதனை. ஒன்று 2,500 என்றால் 3,25,000. பங்கேற்பவர் பயணப்படி நாலு முறைக்கு 400 வீதம் 96,000. களப்பணியாளர் பயணம் 96,000. இரண்டு டேப்லட், தனி போன், சிம் 70,000. 20 ஆழ்நேர்காணல்களைப் பதிவுசெய்து எழுத்தாக்க 60,000. அறநெறிக் குழுக் கட்டணம், அச்சு, காப்பீடு 75,000. புள்ளியியலாளருக்கு 1,00,000. கூட்டினால் 18,87,000. பத்து சதவீதம் எதிர்பாராச் செலவு சேர்த்தால் ஏறக்குறைய 21 லட்சம்.

வைரல் லோடு பரிசோதனை தேசியத் திட்டத்தில் இலவசம்தானே, எதற்கு மூன்றேகால் லட்சம் என்று எல்லா நிதிக்குழுவிலும் கேட்பார்கள். இலவசம்தான். ஆனால் திட்டத்தின் கால அட்டவணை ஆய்வின் கால அட்டவணையோடு ஒத்துப்போகாது. சிகிச்சை தொடங்கி 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்பது திட்டம். திரும்பி வந்த அன்றும் அதிலிருந்து ஆறாம் மாதமும் வேண்டும் என்பது ஆய்வு. மையத்தின் இலவசப் பரிசோதனையை நம்பித் திட்டமிட்டால் முடிவில் பாதிப் பேருக்கு உரிய தேதியில் எண் இருக்காது. இந்த விளக்கத்தை இரண்டு வரியில் பட்ஜெட் நியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.

சொந்த நிறுவனத்தின் விதைப்பணம்

மருத்துவக் கல்லூரிகளும் சில அறக்கட்டளை மருத்துவமனைகளும் தங்கள் ஆசிரியர்களுக்குத் தரும் சிறு மானியம், முதுகலை ஆய்வேட்டு உதவி எல்லாம் இதில் அடங்கும். தொகை ஒன்றிரண்டு லட்சம் இருந்தாலே அதிகம். சம்பளத்துக்குப் போதாது. இதைப் பலர் மதிப்பதில்லை. அது தப்பு என்று நினைக்கிறோம். விண்ணப்பம் நாலு பக்கம், முடிவு சில வாரங்களில், வெளி அனுமதிகள் குறைவு. நம் உதாரணத்தின் முதல் துண்டு இந்தப் பணத்துக்குள் அடங்கும்: பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் என்ன ஆயிற்று என்று மையத்துக்குள்ளேயே சரிபார்ப்பது, பிறகு 12 முதல் 15 பேரிடம் விரிவாகப் பேசுவது.

பட்டியல் சரிபார்ப்பை ஏன் இவ்வளவு அழுத்துகிறோம் என்றால், பெரும்பாலான முதற்கட்ட ஆய்வுகள் ஆள் சேராமல் திணறுவது இங்கேதான். 180 பெயர் இருக்கிறது, 60 பேர் எளிதில் கிடைப்பார்கள் என்று எண்ணிக் கொண்டிருப்போம். பட்டியலைத் திறந்தால் சிலர் இறந்திருப்பார்கள், தகவல் மையத்துக்கு வந்திருக்காது. சிலர் வேறு மாவட்டத்தில் பதிவுசெய்து மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். சிலர் தனியார் மருத்துவரிடம் போயிருப்பார்கள். போன் எண் மாறியிருக்கும். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் முதல் நாளே தப்பான முகவரி தந்தவர்களும் இருப்பார்கள். 180 பெயருக்கு எத்தனை ஆள் என்பது தெரியாமல் பெரிய விண்ணப்பத்தில் எழுதும் எந்த எண்ணும் கற்பனைதான்.

ஐ.சி.எம்.ஆர். சிறு மானியம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் வெளிநிதி ஆய்வுத் திட்டத்தில் சிறு மானியத்தின் உச்சவரம்பு 2 கோடி ரூபாய், மூன்றாண்டு வரை. அதற்கு மேல் 8 கோடி வரை இடைநிலை மானியம். நம் 21 லட்சம் இந்த உச்சவரம்பில் பத்தில் ஒரு பங்கு. இங்கேதான் ஒரு சபலம் வரும்: 2 கோடி வரை கேட்கலாம் என்கிறார்களே, நாலு மாவட்டம், 400 பேர், ஒப்பீட்டுக் குழு என்று விரிக்கலாமே என்று. ஆள் சேர்க்கை விகிதமே தெரியாத நிலையில் விரித்தால் மூன்றாம் ஆண்டில் பாதி ஆட்களோடு நிற்க வேண்டிவரும். இரண்டு மையம், 120 பேர், 45 லட்சத்துக்குள் கேட்டு, அடுத்த கட்டத்துக்கு எந்த எண்ணைத் தொட்டால் போவோம் என்று முன்கூட்டியே எழுதுவது வலுவான விண்ணப்பம்.

சாதகம்: ரூபாயில் வரும் உள்நாட்டுப் பணம், வெளிநாட்டு நிதிச் சட்டச் சிக்கல் கிடையாது, முடிவு நன்றாக இருந்தால் நாகோவின் காதில் போட வழி சுருக்கம். பாதகம் காலம். அழைப்பு வரும்வரை காத்திருந்து, விண்ணப்பித்து, தேர்வாகி, முதல் தவணை கைக்கு வர ஓராண்டு என்று கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. அரசு மானியம் எதுவானாலும் ஆண்டுத் தவணையாகத்தான் வரும். முதல் ஆண்டின் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கைக் கணக்கும் போனபின்தான் அடுத்த தவணை. இடைவெளியில் களப்பணியாளருக்குச் சம்பளம் நின்றுபோகும். சக ஆலோசகர் இருவரில் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் பங்கேற்பவர்களோடு இருந்த நம்பிக்கையும் கூடவே போய்விடும். புது ஆளை வைத்து அதை ஈடுகட்ட முடியாது. எனவே மூன்று மாதச் சம்பளத்தை நிறுவனம் முன்பணமாகத் தரும் என்று டீனிடமோ நிர்வாக இயக்குநரிடமோ கடிதம் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சான்றிதழை ஆண்டு முடிந்த வாரத்திலேயே அனுப்புவதற்கு, மாதாமாதம் பில்களை தலைப்பு வாரியாகப் பிரித்து வைத்திருக்கும் ஒரு கணக்கர் வேண்டும். அவருக்கான தொகையை பட்ஜெட்டில் மறந்துவிடாதீர்கள்.

அமெரிக்கப் பணம்

உலகில் எச்.ஐ.வி. ஆய்வுக்கு மிக அதிகம் செலவிட்டுவந்தது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களான என்.ஐ.எச். சென்னைக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. சிகிச்சையில் இருப்பவரிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் காட்டிய எச்.பி.டி.என். 052 ஆய்வின் களங்களில் சென்னையும் ஒன்று.

முதற்கட்டத்துக்கென்று அங்கே இருக்கும் மானியங்கள் ஒன்றுபோல இருக்காது. ஆர்-03 ஆண்டுக்கு 50,000 டாலர், இரண்டாண்டு. ஆர்-21 இரண்டாண்டுக்கு நேரடிச் செலவு 2,75,000 டாலர் வரை, எந்த ஓராண்டிலும் 2,00,000-ஐத் தாண்டக்கூடாது. யோசனை புதிதாக இருக்க வேண்டும், முன்தரவு கட்டாயமில்லை. ஆர்-34 நடத்தை சார்ந்த முயற்சிகளை வடிவமைத்துச் சிறு அளவில் சோதிக்கவே உண்டானது; மனநல நிறுவனமான என்.ஐ.எம்.எச். மூன்றாண்டுக்கு 4,50,000 டாலர் வரை அதில் தந்துவந்தது. நம் உதாரணத்துக்கு அச்சாகப் பொருந்துவது ஆர்-34தான். 'முன்தரவு கட்டாயமில்லை' என்பதை நம்பி வெறுங்கையோடு ஆர்-21 போடுவது வீண். போட்டியில் பக்கத்து விண்ணப்பத்தில் முன்தரவு இருக்கும். இவை தவிர, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1988 முதல் இயங்கும் எய்ட்ஸ் ஆய்வு மையங்கள், சி.எஃப்.ஏ.ஆர். என்று அழைக்கப்படுபவை, தங்கள் இளம் ஆய்வாளர்களுக்கு ஓராண்டுச் சிறு மானியம் தருகின்றன. அங்குள்ள ஒருவரோடு கூட்டுச் சேர்ந்தால் நம் களத்துக்கும் அதில் பங்கு வரலாம்.

அந்த ஓராண்டு மானியத்தில் நேரம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். வெளிநாட்டு நிதியோ கூட்டோ உள்ள மருத்துவ ஆய்வுக்குச் சுகாதார அமைச்சகத்தின் திரையிடல் குழு அனுமதி வேண்டும், எச்.எம்.எஸ்.சி. என்பார்கள். அதற்கு முன் உள்ளூர் அறநெறிக் குழு. அங்கே அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு. பிறகு இரு நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தம், பணம் வந்துசேர வங்கி நடைமுறை. பன்னிரண்டு மாதத்தில் எட்டு மாதம் இதில் போய்விட்டால் ஆறு மாதம் பின்தொடரும் ஆய்வு எங்கே நடக்கும்? ஓராண்டுப் பணத்தை, ஏற்கெனவே அனுமதி பெற்று நடந்துகொண்டிருக்கும் ஆய்வில் ஒரு கூடுதல் கேள்வியைச் சேர்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு மூன்று விஷயம் மாறிவிட்டது. பணம் முதலில் வந்திறங்க வேண்டியது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளையில். நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள். வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மானியமாக மாற்றித் தரக்கூடாது. மூன்றாவதுதான் நம் போன்ற ஆய்வைக் குத்தும். மருத்துவமனை அறக்கட்டளை பணத்தை வாங்கி, களப்பணிக்காக எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்புக்குப் பங்கு பிரித்துத் தரும் பழைய ஏற்பாடு இப்போது செல்லாது. சக ஆலோசகர்களைத் திட்ட ஊழியராக நேரடியாக நியமித்துச் சம்பளம் போடுவது ஒரு வழி. இதனால் கூட்டமைப்பு வெறும் ஆள் தரும் இடமாகச் சுருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆய்வின் முதன்மைக் குழுவில் அவர்களில் ஒருவருக்கு இடமும், கட்டுரையில் பெயரும், தரவைப் பார்க்கும் உரிமையும் எழுத்தில் தந்தால்தான் சமநிலை இருக்கும். எந்த வழி என்றாலும் ஆடிட்டரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, இப்போதைக்கு இதுவே பெரியது. 2025 மே 1 அன்று என்.ஐ.எச்., புதிய நடைமுறை வரும்வரை வெளிநாட்டுத் துணை மானியங்கள் அடங்கிய புது விருதுகளை வழங்கப்போவதில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நின்றபோது ஆப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்த ஆய்வுகள் பாதியில் நின்றன. மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஆளை நடுவில் விட்டுவிட்டுப் போவது அறநெறிக் குழு எதுவும் ஏற்காத காரியம். நிதி நின்றதால் அதுதான் நடந்தது. ஆகவே அமெரிக்கக் கூட்டாளி அழைத்தால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: எங்கள் பங்கு எந்த வகையான ஒப்பந்தத்தில் வரும், நடுவில் நின்றால் பங்கேற்பவர்களைப் பாதுகாப்பாக முடித்துவைக்க எத்தனை மாதப் பணம் தனியாக இருக்கும்?

பிராக்கும் மருந்து நிறுவனங்களும்

உயிரித்தொழில்நுட்பப் புத்தாக்கங்களுக்குப் பணம் தரும் மத்திய அரசு அமைப்பான பிராக்கின் பிக் திட்டம் 50 லட்சம் வரை, 18 மாதம். விரல்நுனி ரத்தத்தில் வைரல் லோடு பார்க்கும் கருவி, சிறுநீரில் டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருக்கிறதா என்று காட்டும் பட்டை போன்ற பொருள் உங்கள் கையில் இருந்தால் இதைவிட நல்ல முதல் பணம் நாட்டில் இல்லை. புத்தொழில் நிறுவனமாகவோ அடைகாப்பகத்தில் இடம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் விற்கக்கூடிய பொருள் ஏதும் இல்லை. அழைத்துப் பேசும் மனிதரை 'செயலி' ஆக்கி விண்ணப்பித்தால் பணம் கிடைக்கலாம். ஆனால் கேள்வி மாறிவிடும். கென்யா உதாரணத்தை இன்னொரு முறை பார்க்கவும்.

எச்.ஐ.வி. மருந்து தயாரிக்கும் கிலியட், வீவ் போன்ற நிறுவனங்களுக்கு ஆய்வாளரே முன்னெடுக்கும் ஆய்வுகளுக்கு ஆதரவு தரும் திட்டங்கள் உண்டு. மருந்தே கேள்வியாக இருக்கும்போது, குறிப்பாக மருந்தை அவர்கள்தான் தர முடியும் என்னும்போது, இது சரி. முடிவை வெளியிடும் உரிமை முழுக்க ஆய்வாளருக்கே, நிறுவனம் படித்துக் கருத்துச் சொல்ல மட்டும் 30 அல்லது 45 நாள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். அனுமதி பெற்ற மருந்தைப் புது அளவிலோ புது நோக்கத்திலோ கல்வி நோக்கில் சோதிப்பதானால் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி அறநெறிக் குழு அனுமதி போதும். முடிவை வைத்து விற்பனை அனுமதி கேட்கும் எண்ணம் இருந்தால் அந்தச் சலுகை இல்லை.

யார் பணம் தந்தாலும் கெடுக்கிற விஷயங்கள்

மாத்திரை எடுத்தீர்களா என்று கேட்டு எழுதிக்கொண்ட தரவு. ஆப்பிரிக்காவில் தடுப்பு மருந்தைச் சோதித்த, 5,029 பெண்கள் கலந்துகொண்ட வாய்ஸ் ஆய்வில், தாங்கள் சொன்ன கணக்கின்படி மருந்தெடுப்பு 90 சதவீதம். ரத்தத்தில் மருந்து தென்பட்டது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில். பொய் சொன்னார்கள் என்று பழிபோட வேண்டாம். ஆய்வில் இருந்தால் மருத்துவ உதவி கிடைக்கிறது, இல்லை என்றால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம், இவை எல்லாம் உண்டு. அளக்கும் வழியை நாம்தான் மாற்ற வேண்டும். சிகிச்சையில் இருப்பவருக்கு வைரல் லோடு. தடுப்பு மாத்திரை எடுப்பவருக்கு, அட்டையில் காயவைத்த ரத்தச் சொட்டில், அதாவது உலர்ரத்தப் புள்ளியில், அந்த மருந்து உடலில் மாறும் வடிவமான டெனோஃபோவிர் டைபாஸ்பேட். சிவப்பணுவில் அதன் அரைவாழ்வு சுமார் 17 நாள் என்பதால் நேற்று மட்டும் விழுங்கிவிட்டு வந்தவரையும் அது காட்டிக்கொடுக்கும்.

உலர்ரத்த அட்டை பார்க்க எளிது, கெடுவதும் எளிது. வட்டத்துக்குள் ஒரே சொட்டாக விழ வேண்டும், ஒருபக்கமிருந்து மட்டும். மேலே மேலே தொட்டு நிரப்பினால் அளவு தப்பாகும். ஹேர் டிரையர், வெயில் வேண்டாம். அட்டைகள் ஒன்றையொன்று தொடாமல் தாங்கியில் நிற்க வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் நாலு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது என்று நம்பாமல் இரவு முழுக்க விடுங்கள். பிறகு ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு, ஈரம் காட்டும் அட்டை ஒன்று, ஜிப் பை. காட்டி அட்டை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் பொட்டலத்தை மாற்ற வேண்டும். அட்டை வாங்கத் தொகை ஒதுக்கி, பொட்டலத்துக்கும் ஃப்ரீசருக்கும் ஒதுக்காத பட்ஜெட் நிறைய உண்டு. இதை அளக்கும் ஆய்வகம் நாட்டுக்குள் எது, ஒரு மாதிரிக்கு என்ன கேட்பார்கள் என்று விண்ணப்பத்துக்கு முன்பே கடிதம் வாங்கிவிடுங்கள். மாதிரியை வெளிநாடு அனுப்புவதென்றால் அதற்குத் தனி அனுமதி.

ரகசியம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒப்புதல் இல்லாமல் ஆய்வில் சேர்ப்பதைத் தடைசெய்கிறது; பதிவுகளைப் பாதுகாப்பதையும் கட்டாயமாக்குகிறது. நம் ஆய்வில் மிக ஆபத்தான நொடி, போன் எடுக்கப்படும் நொடி. எடுப்பது மாமியாராகவோ மகனாகவோ இருக்கலாம். 'ஏ.ஆர்.டி. மையத்திலிருந்து பேசுகிறோம்' என்ற சொல் வாயில் வரவே கூடாது. தொடங்கும் வாக்கியம் இப்படி இருக்கலாம்: 'வணக்கம், நான் லட்சுமி பேசுறேன், அவங்ககிட்ட பேசலாங்களா?' யார் என்று கேட்டால் 'தெரிஞ்சவங்கதான், அப்புறமா கூப்பிடுறேன்' என்று வைத்துவிட வேண்டும். மருத்துவமனையின் பொது எண்ணிலிருந்து அழைக்கக்கூடாது. திரும்பக் கூப்பிட்டால் வரவேற்பறையில் மணியடிக்கும். வீட்டுக்கு வரலாமா என்று பதிவேட்டில் முன்பு ஒப்புதல் தந்திருந்தாலும் மறுபடி கேட்டே போக வேண்டும். இந்த உரையாடலை எழுத்தில் இணைத்துக் கொடுத்தால் அறநெறிக் குழுவின் பாதிக் கேள்விகள் எழாது.

அனுமதி வரிசையும் முக்கியம். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் ஏ.ஆர்.டி. மையப் பட்டியலைத் தொட முடியாது. மருத்துவ அலுவலர் நண்பர் என்பதற்காக எக்செல் கோப்பை வாங்கிக்கொள்வது சட்டப்படி தவறு. நம்முடையதுபோல் ஒரு முயற்சியைச் செய்து சோதிக்கும் தலையீட்டு ஆய்வு என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு வேண்டும், கட்டணம் இல்லை. பின்னால் பதிய முடியாது, பதியாத ஆய்வை நல்ல இதழ்கள் ஏற்காது.

எங்கள் தேர்வு

இந்த உதாரணத்துக்கு விதைப்பணத்தில் தொடங்கி ஐ.சி.எம்.ஆர். சிறு மானியத்துக்குப் போவதைத்தான் தேர்ந்தெடுப்போம். முதல் மூன்று மாதத்தில் அனுமதிகள், அடுத்த மூன்று மாதத்தில் பட்டியல் சரிபார்ப்பும் 15 நேர்காணலும். அந்த எண்களை வைத்து விண்ணப்பம். முடிவு வரும் இடைவெளியில் சக ஆலோசகர்களுக்குப் பயிற்சியும் படிவங்களைப் பத்துப் பேரிடம் ஓட்டிப் பார்ப்பதும். ஆர்-34 வகைப் பணம், இரண்டு மையத்தில் முடிவு கையில் வந்தபின், நம்பகமான கூட்டாளியும் தெளிவான ஒப்பந்தமும் இருந்தால் மட்டும். ஓராண்டு அமெரிக்க மானியத்தை இந்தக் கேள்விக்கு எடுக்க மாட்டோம். விற்கும் பொருள் இருந்தால் மேலே சொன்ன அத்தனையையும் விட்டுவிட்டு நேரே பிராக்.

நிறுத்தும் விதியை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவோம். சந்தித்தவர்களில் பாதிக்குக் குறைவானவர்கள் ஒப்புக்கொண்டால் முதல் 40 பேரோடு சேர்க்கையை நிறுத்தி அழைக்கும் முறையை மாற்றுவோம். சேர்ந்தவர்களில் ஆறாம் மாதம் மருந்தில் இருப்பவர்கள் 70 சதவீதத்தைத் தொட்டால் அடுத்த கட்டம். 50-க்கும் 70-க்கும் நடுவில் என்றால் எங்கே கழன்றார்கள் என்று பார்த்து ஒரு பகுதியை மட்டும் மாற்றி மறுபடி. 50-க்குக் கீழே என்றால் இந்த யோசனையை விட்டுவிட்டு, சேர்த்த ஒவ்வொருவரையும் மையத்தின் ஆலோசகரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்து, கணக்கை முடித்து, மிச்சப் பணத்தைத் திருப்பி அனுப்புவோம்.